ஒன்பது லட்சம் ரூபாயை எதில் போடுவது: சோலாரா, ஏரியா, மரமா, குப்பையா?

பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். அறுநூறு வீடு, ஓர் ஏரி, இரண்டு மேல்நிலைத் தொட்டி. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்பது லட்சம் ரூபாய் திரட்டி அனுப்பியிருக்கிறார்கள். கோயில் திருப்பணிக்கு இல்லை. "அடுத்த புயலோ அடுத்த வறட்சியோ வந்தா ஊர் தாங்கணும், அதுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க" என்று சொல்லிக் கொடுத்த பணம். அதை எதில் போடுவது என்று மூன்று மாதமாக ஊருக்குள் இதே பேச்சுதான். சோலார் போடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். ஏரியைப் பாருங்கள் என்கிறார்கள் வயல் வைத்திருப்பவர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு மரம் வைக்க வேண்டும், மகளிர் குழுப் பெண்களுக்கு முதலில் குப்பை ஒழிய வேண்டும். நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்காகப் பிரித்துக் கொடுத்தால் நான்கும் அரைகுறையாக நிற்கும், அதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, கணக்குப் போட்டு வைத்திருப்பதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் உதவும்.

முதலில், எங்கள் ஊர் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து போனது. மேட்டூர்த் தண்ணீரும் இல்லை, மழையும் இல்லை. ஏரியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி, மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டிய காற்றோடு இந்தப் பக்கம் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. பிள்ளையைப் படிக்க வைக்கவும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கவும் நம்பியிருந்த தோப்புகள் ஒரே ராத்திரியில் தரையில் கிடந்தன. ஆனால் அந்த வாரம் ஊரை அழ வைத்தது தென்னை இல்லை, தண்ணீர். மின்கம்பம் எல்லாம் விழுந்துவிட்டதால் மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு டிராக்டர் டிப்பரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து மோட்டார் அறையில் இணைத்தார்கள். வீட்டுக்கு நான்கு குடம் என்று பேச்சு. என் அம்மா அந்த வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்று கொண்டுவந்த நான்கு குடத்தில் ஒன்றை, காலில் ஓடு விழுந்து படுத்திருந்த பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் கொடுத்தார். அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆக, தண்ணீர் வராமல் போனதும், வந்தபோது ஏற்ற மின்சாரம் இல்லாமல் போனதும்தான் எங்கள் அனுபவம். பருவநிலை மாற்றம் என்று பேசும்போது எல்லோரும் கரியமில வாயுக் கணக்கை முன்னால் வைக்கிறார்கள். அதுவும் வேண்டும், நானும் கீழே போடுகிறேன். ஆனால் அறுநூறு வீட்டு ஊர் விடும் புகை எவ்வளவு, நம்மை அடிக்கும் புயல் எவ்வளவு என்று பார்த்தால், முதல் கேள்வி ஊர் தாங்குமா என்பதாகத்தான் இருக்க முடியும். இரண்டாவது கேள்வி, புகை எவ்வளவு குறையும். மூன்றாவது கேள்வியைத்தான் நம் ஊர்களில் யாருமே கேட்பதில்லை: மூன்றாம் வருஷம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இந்த மூன்றாவதுக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பதினொன்றாம் அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு, மரபுசாரா எரிசக்தி, குடிநீர் என்று 29 பொருள்கள் ஊராட்சிக்கு உரியவையாக எழுதியிருக்கிறது. அதாவது நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் எல்லாமே ஊராட்சியின் வேலைதான். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரே கிடையாது. கஜா அடித்தது அந்த இடைவெளியில்தான். அப்புறம் தேர்தல் நடந்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, மறுபடியும் தனி அலுவலர், அதாவது தலைவருக்குப் பதிலாக அரசு வைக்கும் அதிகாரி, கைக்குப் போனது. ஒரு தனி அலுவலருக்கு எத்தனையோ ஊர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தலைவர் நல்லவராக இருந்தால்தான் ஓடும் என்கிற திட்டம் எதுவும் எங்களுக்குச் சரிப்படாது. தலைவரே இல்லாத வருஷத்திலும் ஓட வேண்டும்.

சரி, சோலாரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஊரில் அதற்குத்தான் ஆதரவு அதிகம்.

ஊராட்சியின் மின்கட்டணம் இரண்டு இடத்தில் போகிறது, தண்ணீர் மோட்டாரும் தெருவிளக்கும். இரண்டு 7.5 குதிரைத் திறன் மோட்டார் ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 67 யூனிட். 180 தெருவிளக்கு, எல்லாம் 20 வாட் எல்.இ.டி., இரவு முழுக்க எரிந்தால் 43 யூனிட். மாதத்துக்கு 3,300 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக 10 கிலோவாட் போட்டால் மாதம் 1,200 யூனிட். விசாரித்த இடத்தில் ஐந்தரையிலிருந்து ஆறு லட்சம் சொன்னார்கள். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதினையாயிரம் மிச்சம், ஐந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, அந்தக் கணக்கில் வருஷத்துக்குப் பத்து டன் குறையும். புகைக் கணக்கில் மட்டும் பார்த்தால் நான்கு யோசனைகளில் இதுதான் நிச்சயமாக அளந்து காட்டக்கூடியது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கும் போன மாதம் வரை தெரியாது. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார், வாரிய மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்கிறார்கள், அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் இதன் அர்த்தம் என்ன? கஜா மாதிரி இன்னொன்று வந்தால், கூரையில் பத்து கிலோவாட் பலகை வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும், கீழே அதே குட வரிசை நிற்கும். பேட்டரி போடலாம்தான். ஆனால் 7.5 குதிரைத் திறன் மோட்டாரைக் கிளப்புகிற அளவுக்குப் பேட்டரி போட்டால் செலவு எங்கேயோ போய்விடும், சில வருஷத்தில் பேட்டரியை மாற்றவும் வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. மின்வாரிய இணைப்பே இல்லாமல், பலகையிலிருந்து நேரே ஓடும் சோலார் பம்பு. விவசாயத்துக்கு நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். ஐந்து குதிரைத் திறன் பம்பு, பலகையெல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். வெயில் இருக்கும் நேரம்தான் ஓடும், ஆனால் தொட்டியில் ஏற்றி வைக்க அது போதும், தொட்டியே பேட்டரி மாதிரி. இரண்டு தொட்டியில் ஒன்றுக்கு இதைப் போட்டுவிட்டால், ஊரில் கம்பமெல்லாம் விழுந்தாலும் குடிக்கிற தண்ணீர் நிற்காது. பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம் மட்டும் புயல் காற்றுக்குத் தகுந்த மாதிரி, அடியில் கான்கிரீட்டோடு இருக்க வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

ஊராட்சியே மின்சாரம் தயாரிப்பது என்றால் உடனே எல்லோரும் ஓடந்துறையைச் சொல்வார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் அந்த ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கத்தில் மைவாடியில் நிறுத்தினார்கள். ஊர்த் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். பெருமையான விஷயம், எனக்கு அந்த ஊர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் ஆர். சண்முகம் என்கிற தலைவர் 1996இலிருந்து பத்து வருஷம் தொடர்ந்து உழைத்திருக்கிறார், அதற்கு முன்பே சோலார் தெருவிளக்கு, மரக்கழிவு வாயுவில் ஓடும் தண்ணீர் மோட்டார் என்று சிறியதிலிருந்து பழகி வந்திருக்கிறார்கள், கையிலும் லட்சக்கணக்கில் சேமிப்பு இருந்தது. அப்புறம் ஜம்முவில் சாம்பா மாவட்டத்துப் பள்ளி கிராமம், 2022 ஏப்ரல் 24 பஞ்சாயத்து ராஜ் நாளில் 500 கிலோவாட் சோலார் நிலையத்தைத் திறந்து, நாட்டின் முதல் கார்பன் சமநிலை ஊராட்சி (விடுகிற கரியமில வாயுவுக்கு ஈடாகக் குறைக்கவும் செய்கிற ஊர்) என்று பேர் வாங்கியது. அது மத்திய அரசு முன்னால் நின்று செய்து கொடுத்தது. எங்களுக்குப் பத்து வருஷத் தலைவரும் இல்லை, தில்லியும் இல்லை. வீடுகளுக்கு வேண்டுமானால் 2024இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. வசதி உள்ளவர்கள் அவரவர் கூரையில் போட்டுக்கொள்ளட்டும், அதற்கு ஊர்ப் பணம் வேண்டாம்.

சோலாரை முடிப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப் போடுவதற்காக டேங்க் ஆபரேட்டர் அண்ணனோடு காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றேன். கிழக்குத் தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, மேலே நிறைந்து வழிகுழாய் வழியாகக் கொட்டுகிறது, கீழே குட்டை மாதிரி தேங்கி ஆடு குடிக்கிறது. ஏன் அண்ணே நிறுத்தவில்லை என்றால், "வால்வு பிடிக்கல தம்பி. நான் அந்தத் தொட்டிக்கு சைக்கிள்ல போயிட்டு வர்றதுக்குள்ள இது நெறஞ்சிரும்" என்கிறார். இரண்டு தொட்டிக்கும் ஒரே ஆள். நல்ல வால்வும், நிறைந்தால் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சும் போட்டு, தெருக்குழாய்க் கசிவை அடைத்தால், மோட்டார் ஆறு மணி நேரம் ஓடுவது நான்காகக் குறையும் என்று அவரே சொல்கிறார். அப்படியானால் மாதம் 670 யூனிட் மிச்சம். ஆறு லட்ச ரூபாய் சோலார் தரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல், சில ஆயிரம் ரூபாய் வேலையில் கிடைத்துவிடும். இதை எந்த ஊரும் இன்றைக்கே செய்யலாம். சோலார் கம்பெனி ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி ஏரி.

எங்கள் ஏரி நாற்பது ஏக்கரைத் தொடும். ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். நாற்பது ஏக்கரில் ஓரடி கூடுதலாக நின்றால் ஐந்து கோடி லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. எங்கள் ஊர் 2,400 பேருக்கு அது ஒரு வருஷத்துக்கும் மேல் வரும். வெயிலில் ஆவியாகிப் போவதும் மண்ணுக்குள் இறங்குவதும் இருக்கிறது, எல்லாம் குடத்துக்கு வராதுதான். ஆனால் மண்ணுக்குள் இறங்குவதும் நம் கிணற்றுக்கும் போருக்கும்தான் போகிறது. ஓரடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல் ஏரிகள் இருக்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும் மற்றவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. உங்கள் ஏரி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அனுமதி அங்கேதான் வாங்க வேண்டும். வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு 2024இலிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மண் வயலுக்குப் போகும், ஏற்றிப் போகும் செலவு எடுப்பவருடையது, ஆக ஆழப்படுத்துவதில் ஒரு பங்கு நமக்குச் செலவில்லாமலே நடந்துவிடும்.

பேராவூரணிப் பெரிய குளத்தை 2019இல் இளைஞர்கள் இறங்கித் தூர்வாரியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கஜாவுக்கு அடுத்த வருஷம், கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில், உண்டியல் மாதிரி வீடு வீடாக வந்த பணத்தில் ஆரம்பித்தது. அதைப் பார்த்துதான் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்தது. குடிமராமத்து என்று நம் முன்னோர் வைத்திருந்த வழக்கம்தானே. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்தி வாய்க்காலை வெட்டிவிட்டுப் போவது.

ஆனால் தூர்வாருவது என்றாலே ஜே.சி.பி.யை இறக்கி நடுவில் பள்ளம் தோண்டுவது என்று ஆகிவிட்டது. அது தப்பு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு வராது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அடியில் இருக்கும் களிமண் படலத்தைக் கிழித்துவிட்டால் தேங்குகிற தண்ணீரும் தேங்காது. அதைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் உள்ளே வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் இரண்டு தலைமுறையாக நீர்க்கட்டி வேலை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுப் பார்த்துக்கொள்வது) பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அவரோடு வரத்து வாய்க்காலில் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்தேன், இரண்டு கிலோமீட்டர். பாதி தூரத்தில் சாலை குறுக்கே போகிறது. சாலை போட்டவர்கள் வாய்க்காலுக்குச் சிமெண்ட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், ஆனால் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் மேலே. பெரியவர் கைத்தடியைக் குழாய் வாயில் வைத்துக் காட்டினார். "பாத்தியா தம்பி, இவ்வளவு உசரம். தண்ணி என்ன, ஏணி வச்சா ஏறும்?" குழாய்க்கு இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி வயலில் ஏறி நடவு அழுகுகிறது, அந்தப் பக்கம் ஏரி காய்கிறது. இத்தனை வருஷமாக ஏரி நிறையவில்லை என்று மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் சீமைக்கருவேல். அதற்கு மேல் வாய்க்கால் புறம்போக்கில் வைத்த தென்னை, அதில் ஆறு மரம் என் சொந்தச் சித்தப்பா வைத்தது.

அவரிடம் பேசியாயிற்று. கோபப்பட்டார், இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் "அளந்து காட்டு, என் பக்கம் தப்புன்னா நானே வெட்டிக்கிறேன்" என்றார். ஏரி வேலையில் உண்மையான கஷ்டம் இதுதான், சொந்தக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். சோலாரில் இந்தப் பிரச்சினை கிடையாது, அதனால்தான் எல்லோருக்கும் சோலார் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் குளம் குளமாக உடைந்தது. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் கொட்டினால் கலிங்கு வழியாக அது வெளியே போக வேண்டும், இல்லையென்றால் கரை போகும், ஊரும் சேர்ந்து போகும். எங்கள் கலிங்கில் கல் பெயர்ந்து கிடக்கிறது. ஆக ஏரி வேலை என்றால் என் வரிசை இதுதான்: சாலைக் குழாயைத் தாழ்த்துவது, வாய்க்காலை அளந்து மீட்பது, கலிங்கும் மதகும், கரை, கடைசியில்தான் ஏரிக்குள் மண் எடுப்பது.

மூன்றாம் வருஷம் யார் பார்ப்பார்கள்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் நூற்றுச் சொச்சம் குடும்பம். அவர்களுக்கு அது சோறு. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐப்பசியில் மண்வெட்டியோடு போய் நிற்பார்கள். மீன் பாசிக் குத்தகையில் கொஞ்சம் பணமும் வரும்.

புகைக் கணக்கில் ஏரி எதையும் குறைக்காது என்று ஒரு தம்பி குழுவில் எழுதியிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டெல்டாவில் நாம் விடும் வாயுவில் பெரிய பங்கு நெல் வயலிலிருந்து போகிறது. தண்ணீர் கட்டியே கிடக்கும் வயலில் மீத்தேன் உண்டாகிறது, நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது, காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுவது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதையே முறையாகச் சொல்லிக்கொடுக்கிறது. மீத்தேன் பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம், மகசூலும் போகாது. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் ஏன் செய்வதில்லை? கேட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான். "அடுத்த முறைத் தண்ணி எப்ப வரும்னு தெரியாது, கெடைக்கிறப்ப கட்டி வச்சுக்கணும்." கடைமடைக்காரனின் பயம் அது. ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவன் தைரியமாக வயலைக் காயவிடுவான். ஆக ஏரி நிறைந்தால் மீத்தேனையும் குறைக்க வழி பிறக்கிறது. எத்தனை டன் என்று நான் எழுத மாட்டேன், ஆனால் முந்நூறு ஏக்கர் நெல்லை நினைத்துப் பார்த்தால் பத்து கிலோவாட் சோலாரைவிட இது சின்ன விஷயம் இல்லை.

மரத்துக்கு வருகிறேன். ஆசிரியர்கள் வருத்தப்படக்கூடாது. மரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் ஆரம்பித்ததிலிருந்து கன்று கிடைப்பதும் எளிதாகிவிட்டது. ஆனால் சில வருஷத்துக்கு முன்னால் ஓர் அமைப்போடு சேர்ந்து நாங்களே 500 கன்று வைத்தோம். மாலை போட்டு, படம் எடுத்து, பிள்ளைகள் ஒவ்வொரு கன்றுக்கும் தங்கள் பெயரை எழுதி அட்டை தொங்கவிட்டார்கள். முதல் கோடையில் தண்ணீர் வண்டி வந்தது, இரண்டாம் கோடையில் வரவில்லை. மூன்றாம் வருஷம் நான் எண்ணியபோது 38 இருந்தது. ஆடு கடித்த குச்சியில் ஓர் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் இருந்த பெயருக்குரிய பெண் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிழைத்த 38இல் பெரும்பாலானவை ஒரே தெருவில் இருப்பவை, ஏனென்றால் அந்தத் தெருப் பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினார்கள்.

வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி இந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்திருக்கிறது. கார்பன் சமநிலை ஊராட்சி ஆவது என்று 2016இல் முடிவெடுத்தவர்கள், மரத்தை வளர்க்கிற விவசாயிக்கு அந்த மரத்தையே ஈடாக வைத்து, மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் என்று கூட்டுறவு வங்கி வழியாக வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். மரம் நிற்பதில் வளர்ப்பவனுக்கு ஓர் ஆதாயம். ஆனால் அதற்குக் கேரள அரசு பத்துக் கோடி ரூபாய் வைப்பு நிதி கொடுத்தது, நம்மால் அது முடியாது. வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்குத் தோராயமாக 20 கிலோ கரியமில வாயு இழுக்கும் என்கிறார்கள். பத்து டன்னுக்கு 500 மரம் வளர்ந்து நிற்க வேண்டும். 38 நின்றால் முக்கால் டன்.

பனை மட்டும் தனி. கஜாவில் தென்னை விழுந்த இடத்தில் பனை பெரும்பாலும் நின்றது, பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு சீண்டாது, விதைக்குச் செலவு கிடையாது, பொறுக்கிக்கொண்டு வரலாம். பலன் தரப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், அது ஒன்றுதான் குறை. ஏரிக்கரையின் வெளிப்புறச் சரிவில் பனை விதையை ஊன்றிவிடுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. இந்தப் பணத்தில் ஒரு ரூபாய் தேவையில்லை.

குப்பைக்கும் இதே பதில்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. 15வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். அதாவது குப்பைக்கும், மேலே சொன்ன வால்வுக்கும், அதற்கென்றே ஊராட்சிக்குப் பணம் வந்திருக்கிறது. அது எதில் போனது, மிச்சம் எவ்வளவு என்று கிராம சபையில் கேட்பது நம் உரிமை. அதை விட்டுவிட்டு, வெயிலில் நின்று சம்பாதித்துப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தை எடுத்துக் குப்பைத் தொட்டி வாங்குவது நியாயம் இல்லை. மகளிர் குழு சொல்வதில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்க வேண்டும். ஊர்க் குப்பை இப்போது கொட்டப்படும் இடம் வரத்து வாய்க்கால்தான். அதை மாற்றாமல் வாய்க்காலைச் சுத்தம் செய்வது வீண்.

இப்போது என் முடிவு. ஒன்பதில் ஐந்தரை லட்சம் ஏரிக்கு. அதை நேரே செலவழிக்காமல், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகக் கட்டலாம். மூன்றில் ஒரு பங்கு நாம் கொடுத்தால் மீதியை அரசு போடும், அப்படி வந்தால் பதினாறரை லட்ச ரூபாய் வேலை. அனுமதி இழுத்துக்கொண்டே போனால் சாலைக் குழாயையும் கலிங்கையும் மட்டுமாவது இந்த மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். மூன்றரை லட்சம் கிழக்குத் தொட்டிக்கு, மின்வாரியத்தோடு சேராத சோலார் பம்புக்கு. பத்து கிலோவாட் கூரை சோலார் இப்போது வேண்டாம், ஊராட்சிக்கு அடுத்த தலைவர் வந்து, வரவு செலவு பார்த்து, கடனோ மானியமோ வாங்கிச் செய்யட்டும்.

உங்கள் ஊர் வேறு மாதிரி இருந்தால் கணக்கும் மாறும். ஏரி நல்ல நிலையில் இருந்து மின்கட்டணம்தான் கழுத்தை நெரிக்கிறது என்றால் கூரை சோலாரே சரி. கடலோரத்து ஊர் என்றால், முத்துப்பேட்டைப் பக்கம் மாதிரி, அலையாத்திக்காடு முதலில் வரும். நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்குக் குப்பைதான் தலையாய பிரச்சினையாக இருக்கும், அங்கே ஏரியே குப்பையால்தான் சாகிறது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் எடுத்துப் போவது மூன்று காகிதம். வரத்து வாய்க்காலின் புல வரைபடம், எந்த நிலம் யாருடையது, எது புறம்போக்கு என்று காட்டும் அ-பதிவேட்டு நகலோடு. நிதிக்குழு மானிய வரவு செலவுக் கணக்கு கேட்கும் மனு. மக்கள் பங்கு ஐந்தரை லட்சத்துக்கான தீர்மான வாசகம், தேதியும் அளவும் போட்டது. தீர்மானப் புத்தகத்தில் ஏறி, கையெழுத்து வாங்கி, நகலும் வாங்கிவிட வேண்டும். தலைவர் இல்லாத ஊரில் நம் கையில் இருப்பது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அளவீட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, சர்வேயர் வருகிற அன்றைக்குப் பெரியவரும் கைத்தடியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவும் வருவார்.